பிரேக் பைப்: ஒரு வளைவுக்குள் நடப்பது என்ன?

அமெரிக்காவின் மிச்சிகன், ஓஹையோ மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் குளிர்காலம் வந்தால் சாலையெல்லாம் உப்புதான். பனியை உருக்கும் அதே உப்புத் தண்ணீர் காரின் அடிவயிற்றில் தெறித்து, அங்கே ஓடும் இரும்பு பிரேக் பைப்பை, அதாவது பெடலை மிதிக்கும் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் குழாயை, வருடக்கணக்காக அரிக்கிறது. பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு உள்ளே சேறு தங்கும் இடம்தான் முதலில் போகும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமே 2015ல், காரின் அடிப்பகுதியைக் கழுவுங்கள், பிரேக் பைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அறிவுறுத்தியது.

அந்த ஊர்களில் ஒர்க்‌ஷாப் கூலி அதிகம். அதனால் புதுப் பைப்பை வாங்கி, வீட்டு கராஜிலேயே வளைத்துப் பொருத்துகிறவர்கள் நிறையப் பேர். செய்யக்கூடிய வேலைதான். ஆனால் வளைக்கும்போது உலோகத்துக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு செய்தால்தான் நம்பி ஓட்டலாம்.

பைப்பின் அளவிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான கார்களில் வெளிவிட்டம் ஒரு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, அதாவது 4.75 மில்லிமீட்டர். சுவர்த் தடிமன் சுமார் 0.7 மில்லிமீட்டர். உள்ளே எண்ணெய் ஓட மிஞ்சுவது 3.3 மில்லிமீட்டர் ஓட்டை. அவசரமாக மிதிக்கும்போது இதற்குள் 100 பார் அழுத்தமும் அதற்கு மேலும் ஏறலாம்; கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல். இவ்வளவு ஒல்லியான பைப் எப்படித் தாங்குகிறது? ஒல்லியாக, ஓட்டை சிறியதாக இருப்பதால்தான் தாங்குகிறது. பைப்பின் சுவரைக் கிழிக்கப் பார்க்கும் இழுவிசை, உள்விட்டம் கூடக் கூட ஏறும். சுவர்த் தடிமன் கூடக் கூட இறங்கும். நம் பைப்பில் 100 பாருக்கு அது சுமார் 24 மெகாபாஸ்கல். எஃகு தாங்கும் அளவோடு பார்த்தால் இது சொற்பம். அதே தடிமனில் ஓட்டையை 10 மில்லிமீட்டர் ஆக்கினால் இழுவிசை மூன்று மடங்காகும். சக்கரத்தில் பிரேக்கை இறுக்கும் காலிப்பருக்குள் போக வேண்டிய எண்ணெயும் கொஞ்சம்தான் என்பதால் பெரிய ஓட்டைக்கு அவசியமே இல்லை.

அரித்த பைப்பின் ஆபத்தும் இதே கணக்கில்தான் இருக்கிறது. துரு குழி பறித்து, ஓரிடத்தில் சுவர் 0.1 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டால், அங்கே இழுவிசை ஏழு மடங்கு. மெதுவாக மிதிக்கும் நாளெல்லாம் தாக்குப்பிடிக்கும். ஓங்கி மிதிக்கும் அந்த ஒரு தடவைதான் வெடிக்கும். அமெரிக்காவில் 1968லிருந்து கார்களில் இரண்டு தனித்தனி பிரேக் சுற்றுகள் கட்டாயம் என்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று மிஞ்சும். ஆனால் பெடல் பாதாளத்துக்கு இறங்கும், கார் நிற்க எடுக்கும் தூரம் நீளும்.

சரி, எந்த உலோகத்தில் வாங்குவது? பழைய பைப் இரட்டைச் சுவர் எஃகு. செம்பு பூசிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, உலையில் வைத்து ஒட்டவைத்திருப்பார்கள். பலம் அதிகம், வளைக்க முரண்டு பிடிக்கும், துருப்பிடிக்கும். கூப்ரோநிக்கல் என்பது சுமார் 90 சதவீதம் செம்பும் 10 சதவீதம் நிக்கலும் சேர்ந்த கலவை. வோல்வோ 1976லேயே இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. உப்புக்கு அசராது, கைக்கு இணங்கும். வீட்டில் செய்கிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். சுத்தச் செம்புப் பைப் இன்னும் மிருது, ஆனால் அதிர்வில் இறுகி விரிசல் விடக்கூடியது. அதை பிரேக்குக்குத் தொடாதீர்கள்.

இனி வளைவு. ஒரு பைப்பை வளைக்கும்போது வெளிப்பக்கச் சுவர் நீள்கிறது, உள்பக்கச் சுவர் நெரிகிறது, நடுவில் ஒரு கோடு மட்டும் நீளாமல் நெரியாமல் இருக்கிறது. எவ்வளவு நீளும் என்பது எளிய கணக்கு: பைப்பின் பாதி விட்டத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும். 15 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் வெளிச்சுவர் ஏறத்தாழ 16 சதவீதம் நீள வேண்டும். ஆரத்தை 30 ஆக்கினால் 8 சதவீதம். இடம் இருந்தால் பெரிய வளைவே நல்லது.

நீள்வதோடு வேலை முடிவதில்லை. நீளும் சுவரும் நெரியும் சுவரும் இரண்டுமே பைப்பின் நடுவை நோக்கி அமுக்கும். பக்கவாட்டில் பிடிப்பு இல்லாவிட்டால் பைப் முட்டை வடிவாகி, ஒரு கட்டத்தில் சட்டென்று மடங்கிவிடும். வெறும் கையில் முழங்காலில் வைத்து வளைத்தால் நடப்பது இதுதான். வளைக்கும் கருவியான பைப் பெண்டரின் உருளையில் பைப் அளவுக்கே குடைந்த பள்ளம் இருக்கிறதே, அதன் வேலை பக்கங்களை உப்பவிடாமல் பிடிப்பது. மடங்கிய இடத்தைத் தட்டி நிமிர்த்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். எண்ணெய் போகும்தான். ஆனால் அந்த மடிப்பில் உலோகம் தன் இழுபடும் சக்தியை மொத்தமாகச் செலவழித்துவிட்டது. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் நாலைந்து முறை மடக்கி நிமிர்த்தினால் பட்டென்று முறியுமே, அதே கதைதான். ஒரு வளைவுக்கு ஒரே வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தப்பு செய்வதையெல்லாம் வேறு கம்பியில் செய்துவிட வேண்டும். பழைய பைப்பை முடிந்தவரை முழுசாகக் கழற்றுங்கள். முடியாவிட்டால், துணி மாட்டும் ஹேங்கர் கம்பியைக் காருக்கு அடியில் வைத்து வளைத்து அச்சு எடுங்கள். நீளத்தைப் பழைய பைப்பின் மேல் நூல் விட்டு அளக்கலாம். நேர்கோடுகளை ஸ்கேலால் அளந்து கூட்டினால் கணக்கு பிசகும், ஏனென்றால் வளைவு மூலையைச் சுருக்கிவிடுகிறது: 15 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒவ்வொரு செங்கோண வளைவும் சுமார் 6 மில்லிமீட்டரைக் குறைக்கும். பெண்டரை விட்டதும் பைப் கொஞ்சம் திரும்பி விரியும். எஃகில் இது அதிகம், கூப்ரோநிக்கலில் குறைவு. மீதித் துண்டில் ஒரு வளைவு போட்டுப் பார்த்தால் எத்தனை டிகிரி கூட வளைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பாதையை மட்டும் மாற்றாதீர்கள். கம்பெனி போட்ட சுற்றல்களைப் பார்த்தால் வீண் என்று தோன்றும். பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் இருக்கும் வளையம், அசையும் பாகத்துக்கும் அசையாத பாகத்துக்கும் நடுவில் அதிர்வை வாங்கிக்கொள்வதற்காக. நேர்க்கோட்டில் விறைப்பாக இழுத்துக் கட்டினால் அந்த அதிர்வெல்லாம் நட்டுக்குப் பின்னால் உள்ள கழுத்தில் போய்ச் சேரும். கிளிப்புகள் அத்தனையும் திரும்ப வர வேண்டும். சைலன்ஸர் குழாயிலிருந்து விலகியே இருக்க வேண்டும், ஏனென்றால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட் 3 ரக ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் காலியாகும்.

முனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பைப்பை ஹேக்ஸாவால் அறுக்காமல் பைப் கட்டரால் வெட்டி, பிசிறை எடுத்து, காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஃபிளேர் போடுவதற்கு, அதாவது முனையை விரித்து வடிவம் கொடுப்பதற்கு, முன் நட்டை மாட்ட மறக்கக் கூடாது. முனையை ஒட்டி வளைக்கவும் கூடாது. ஃபிளேர் கருவி பிடிக்கவும் நட்டு பின்னால் நகரவும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நேராக வேண்டும். 45 டிகிரி இரட்டை மடிப்பா, குமிழ் வடிவமா என்று பழைய முனையைப் பார்த்து அதையே போடுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. வளையத்தை நெரித்து இறுக்கும் கம்ப்ரெஷன் இணைப்புகள் தண்ணீர்க் குழாய்க்கு உரியவை. பிரேக்கில் அவை வந்தால் ஆளையே கொல்லும்.

பொருத்தியபின் ஒவ்வொரு சக்கரமாக ஏர் எடுங்கள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். பைப்பின் பாதையில் நீங்களாக ஒரு மேடு உண்டாக்கியிருந்தால் காற்று அங்கேதான் ஒளிந்துகொள்ளும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டில் எண்ணெயே காலியாகிவிட்டிருந்தால் சில கார்களில் ஸ்கேன் கருவி இல்லாமல் காற்று வெளியேறாது. அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் ஓங்கி மிதித்தபடி ஒருவர் இருக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து ஒற்றிப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பியும், சக்கரம் தொங்கும்போதும் தரையில் நிற்கும்போதும் பார்த்து, பைப்போ ஹோஸோ எதிலும் உரசவில்லை என்று தெரிந்தபிறகு வண்டியை வெளியே எடுக்கலாம்.