ஓடுகிறபோதே நகலெடுக்க வேண்டும்

பாம்பனில் அத்தை வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் அக்காவின் 2003 கல்யாண விசிடி மூன்று, பிள்ளைகளின் காதுகுத்து டிவிடி இரண்டு. "போன பொங்கலுக்குக்கூட நல்லாத்தானே ஓடுச்சு" என்றார் அத்தை. அந்தப் பொங்கலுக்குப் பிறகு யாரும் அவற்றைத் தொடவில்லை. இந்த முறை மூன்றாம் விசிடி பந்தி பரிமாறும் இடத்தில் நின்றுவிட்டது. நன்றாக ஓடிய தட்டு சும்மா இருந்தே எப்படிக் கெடும்?

கெடுதல் முன்பே தொடங்கியிருந்தது. நம் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு கணக்கு அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஸ்டுடியோக்காரர் எழுதித் தரும் சிடியில் 1.2 மில்லிமீட்டர் கனத்துக்கு பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் சாயப் படலம், அதற்கு மேல் பெரும்பாலும் வெள்ளியால் ஆன கண்ணாடிப் பூச்சு, கடைசியாக மெல்லிய அரக்குப் பூச்சு. லேசர் சாயத்தைச் சுட்டு இட்ட புள்ளிகள்தான் படமும் ஒலியும். உள்வட்டத்தில் தொடங்கி வெளியே விரியும் ஒரே சுருள் கோட்டில் அவை வரிசையாக நிற்கின்றன. கோட்டை நேராக்கினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம்; அதில் போய்வந்தாலும் இந்தக் கோட்டின் நீளத்தை எட்டாது.

பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வோம். பெயர் எழுதிய மேல்பக்கத்தைக் கண்டுகொள்ள மாட்டோம். சிடியில் ஆபத்து மேல்பக்கத்தில்தான். அங்கே வெள்ளிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே அரக்கு மட்டும்தான் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே அது பிளக்கும். மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கர் ஈரத்தில் ஊதி, அரக்கைச் சேர்த்து இழுக்கும். வாலிநோக்கத்தில் உப்பளம் போடும் அளவுக்கு உப்பு நிறைந்த கடற்கரை நம்முடையது. ஈரத்தோடு வரும் அந்த உப்பு விளிம்பு வழியாக உள்ளே கசிகிறது. வெள்ளிக் கொலுசு கறுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தட்டுக்குள் இருப்பதும் வெள்ளிதான். டிவிடியில் பதிவுப் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருப்பதால் மேல்பக்கக் கீறலுக்கு அவ்வளவு அஞ்ச வேண்டாம். ஆனால் ஒட்டு விடும் விளிம்பு அதற்கும் உண்டு. சுருள் உள்ளிருந்து தொடங்குவதால், விளிம்பு கெட்டால் முதலில் போவது படத்தின் கடைசிப் பகுதி. தாலி கட்டியது தெரிந்து பந்தியில் படம் நின்றதற்குக் காரணம் அதுதான்.

இனி அந்த மறைக்கும் கணக்கு. 1960-இல் ரீட், சாலமன் என்ற இரு கணிதர்கள் வெளியிட்ட முறை அது. சிடியில் ஒவ்வொரு 24 பைட்டுக்கும் 8 பைட் திருத்தக் கணக்காகச் சேர்கிறது. அதோடு தகவலைக் கலைத்துப் பரப்பியும் வைக்கிறார்கள். ஊருக்குப் போகும் அரிசியை வீட்டுக்கொரு படகு என்று ஏற்றாமல், எல்லா வீட்டுப் பங்கையும் எல்லாப் படகிலும் பிரித்து ஏற்றுவது போல. ஒரு படகு கவிழ்ந்தால் எல்லோருக்கும் ஒரு பிடி குறையும், எந்த வீடும் பட்டினி கிடக்காது. அந்த ஒரு பிடியைத் திருத்தக் கணக்கு நிரப்பிவிடும். இப்படிச் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளப் பழுதைக்கூட முழுமையாகச் சரிசெய்ய முடியும்.

துடைக்கும் விதமும் இதில்தான் இருக்கிறது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். அப்போது விழும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு நூலளவு மட்டுமே வெட்டும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் சுருளோடு சேர்ந்து ஓடி இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். உப்புப் படிந்திருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இல்லாவிட்டால் உப்புத் துகளே கீறிவிடும்.

பழைய விஎச்எஸ் டேப் கெடும்போது திரையில் புள்ளி தட்டி நம்மை எச்சரித்தது. தட்டு அப்படிச் செய்யாது. திருத்தக் கணக்கின் எல்லை வரை படம் சுத்தமாக வரும், எல்லை தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். எனவே ‘ஓடுகிறது’ என்பதை வைத்து தட்டு நலமாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. நகலெடுக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

நகலெடுப்பதில் விசிடிதான் சிக்கலானது. சாதாரண தகவல் சிடி ஒரு செக்டாரில், அதாவது தகவல் பிரித்து வைக்கப்படும் ஒரு சிறு துண்டில், 2048 பைட் வைத்து, மீதியை இன்னொரு அடுக்குத் திருத்தத்துக்கு ஒதுக்கும். விசிடி அந்த அடுக்கை விட்டுக்கொடுத்து, 2324 பைட் படத்தை நிரப்புகிறது. அதனால்தான் எழுபத்து நான்கு நிமிடப் படம் ஒரே சிடியில் அடங்கியது. பழுதைத் தாங்கும் தெம்பு குறைந்ததும் அதனால்தான். தட்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுக்கும் ஐஎஸ்ஓ கோப்பு 2048 பைட் கணக்குக்கு ஆனது, விசிடிக்குப் பொருந்தாது. அதை ‘பின்’ (.bin), ‘கியூ’ (.cue) என்ற இரட்டைக் கோப்பாக எடுக்க வேண்டும். டிவிடிக்கு ஐஎஸ்ஓவே சரி. பழுதான டிவிடிக்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் நல்லது. அது படிக்க முடிந்த இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பிவரும். வேகத்தைக் குறைத்தோ வேறு டிரைவில் போட்டோ முயன்றாலும் பலன் உண்டு. மூன்றாம் விசிடியின் பந்திக் காட்சி எனக்குக் கிடைத்தது வேறொரு பழைய டிரைவில்தான்.

போனில் பார்க்க எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றும்போது தரம் கொஞ்சம் கழியும் என்பதால் மூல நகலை அழிக்கக் கூடாது. டிவிடி ஒன்று 4.7 ஜிபி, ஒரு டிபி ஹார்ட் டிஸ்கில் இருநூறு அடங்கும். பென் டிரைவை மட்டும் நம்பி விடாதீர்கள். அதில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது, வெப்பத்தில் அது மெல்லக் கசியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, எல்லா நகலையும் ஒரே வீட்டில் வைக்க மனம் வராது. ஒன்று அத்தை வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இருக்கிறது, ஒன்று மதுரையில், ஒன்று துபாயில் அண்ணனிடம்.

நகல் சரிதானா என்று படத்தை ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு இருக்கிறது. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் 64 எழுத்துகளில் ஒரு கைரேகை தரும். உள்ளே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். அண்ணன் துபாயிலிருந்து போனில் மூன்றாம் விசிடியின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். நான் பாம்பன் நகலின் மேல் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். 64-உம் பொருந்தின. அத்தை தட்டுகளைத் துடைத்து மறுபடி பிஸ்கட் டப்பாவில் அடுக்கினார், நடுவிலிருந்து விளிம்புக்கு.