காற்றின் எடையும் கரியின் விலையும்

‘சமூகத்தை மாற்றுவது பொருளாதாரமா, சிந்தனையா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1712-இல் இங்கிலாந்தின் டட்லி அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க ஓடத் தொடங்கிய நீராவி இயந்திரத்தை வைத்தே பதில் சொல்லிவிடலாம். செய்தவர் தாமஸ் நியூகோமன், இரும்புச் சாமான் வியாபாரி.

சுரங்கம் ஆழமாக ஆக உள்ளே தண்ணீர் ஊறும். குதிரை பூட்டி இறைத்தால் தீவனச் செலவு கட்டாது. இது பணத்தின் நெருக்கடி. சிந்தனை இத்தாலியிலிருந்து வந்தது. பம்பு ஏன் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சுவதில்லை? தண்ணீரை மேலே ஏற்றுவது வெளிக்காற்றின் எடைதான் என்று 1643-இல் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லியின் பாதரசக் குழாய் காட்டியது. அவருக்குச் சம்பளம் கொடுத்தது இத்தாலியின் டஸ்கனி அரசவை. அதிலிருந்து நியூகோமன் வரை 69 ஆண்டுகள்! இன்று அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் மூன்றே ஆண்டில் பலன் காட்டச் சொல்வது எவ்வளவு பெரிய தவறு.

இனி இயந்திரத்துக்கு வருவோம். இதன் அழகே, நீராவி இதில் தள்ளுவதில்லை என்பதுதான். நம் ஏற்றம் போல ஒரு பெரிய மர உத்தரம். ஒரு முனையில் பம்புத் தண்டு, மறுமுனையில் சங்கிலியில் தொங்கும் பிஸ்டன், அதாவது உருளைக்குள் மேலும் கீழும் நகரும் அடைப்பு. பிஸ்டன் இருக்கும் உருளையின் வாய் மேலே திறந்திருக்கும். பம்புத் தண்டின் கனத்தால் பிஸ்டன் மேலே போகும். கீழே நீராவி நிரம்பும். அப்புறம் நீராவியின் வழியை அடைத்து, உருளைக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்திருந்த ஆவி ஒரு நொடியில் சொட்டுத் தண்ணீராகச் சுருங்கிவிடும். உள்ளே கிட்டத்தட்ட வெற்றிடம். மேலேயோ சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் வளிமண்டலம் அழுத்துகிறது! பிஸ்டன் கீழே அமுங்க, மறுமுனை தண்ணீரோடு எழும்பும். நிமிடத்துக்கு 12 முறை, முறைக்கு 10 காலன் (சுமார் 45 லிட்டர்) தண்ணீர்.

ஒவ்வொரு முறையும் உருளையைக் குளிர்வித்து மறுபடி சூடாக்க வேண்டும். எரித்த கரியின் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாகவில்லை. ஆனாலும் ஓடியது. சுரங்க வாசலில், விலைபோகாத பொடிக்கரி குவிந்து கிடந்தது. விறகும் கரியும் காசு கொடுத்து வாங்கும் ஊரில் இதை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலின் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் நிலைமை வேறு. அங்கே கரி வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஆவியைத் தனிக் கலத்தில் குளிர்வித்தால் உருளை சூடாகவே இருக்கும் என்பது ஜேம்ஸ் வாட்டின் யோசனை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நியூகோமன் இயந்திரத்தின் மாதிரி ஒன்றைப் பழுதுபார்த்தபோது தொடங்கிய சிந்தனை அது. 1769-இல் காப்புரிமை பெற்றார். தொழில் கூட்டாளி போல்டனோடு சேர்ந்து, கார்ன்வால் சுரங்கங்களில் நியூகோமன் இயந்திரத்தைவிட மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கினார். சிந்தனை பிறந்த இடம் ஆய்வுக்கூடம்; அதற்குச் சந்தை தந்தது கரியின் விலை.

1780-களில் வாட் இயந்திரம் சக்கரத்தையும் சுழற்றத் தொடங்கியது. நூற்பாலைகள் ஆற்றோரத்தை நம்பியிருந்த காலம் மெல்ல முடிந்தது. மான்செஸ்டர் போன்ற நகரங்களில் ஆலைகள் எழுந்தன. கிராமத்து வீடுகளில் நூற்றவர்கள் ஆலைச் சங்குக்கு எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கினார்கள்.