கையில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் ஹட்டனில் எங்கள் வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் கூட்டம் சேர்ந்துவிடும். வேளாங்கண்ணிக்கு, திருச்சிக்கு, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோடு கோத்தகிரிக்குப் போய்விட்ட சித்தப்பா வீட்டுக்கு என்று குடும்பமாகக் கிளம்புகிறார்கள். சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் வழியில் வீணாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

போன பயணத்தில் மிஞ்சிய இந்திய நோட்டுகள் அலமாரியில் இருந்தால் முதலில் எடுத்துப் பாருங்கள். பழைய 500, 1000 நோட்டுகள் 2016 நவம்பரிலேயே செல்லாமல் போய்விட்டன. 2000 ரூபாய் நோட்டை 2023 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சட்டப்படி அது செல்லும் என்றாலும் கடைக்காரர் வாங்கமாட்டார்.

‘கமிஷன் இல்லை’ என்ற பலகையைப் பார்த்து மயங்காதீர்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில்தான் இலாபம் இருக்கிறது. ஒரு டொலரை 300 ரூபாய்க்கு வாங்கி 310க்கு விற்கும் இடத்தில், 500 டொலர் வாங்கிச் செலவழிக்காமல் திருப்பிக் கொடுத்தால் 5,000 ரூபாய் போய்விடும். ஆகவே தேவைக்கு மட்டும் மாற்றுங்கள். “இவ்வளவு கொடுத்தால் கையில் எவ்வளவு வரும்?” என்று இரண்டு இடங்களில் கேளுங்கள். வங்கியிலோ மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்றுநரிடமோ மாற்றி, பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். தெருவோரத் தரகர் கள்ள நோட்டைத் தந்தால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

அதிகம் பேர் ஏமாறுவது இந்தியாவில் ஏடிஎம் திரையில். அட்டையைப் போட்டதும், தொகையை இலங்கை ரூபாயில் கணக்கிடட்டுமா என்று அது கேட்கும். தெரிந்த நாணயத்தில் தொகையைக் கண்டதும் மனம் நிம்மதியடைகிறது, விரல் சம்மதத்தை அழுத்திவிடுகிறது. அந்த இயந்திரத்தின் வங்கி தன் இலாபத்தைச் சேர்த்தே அந்த வீதத்தைப் போட்டிருக்கும். மறுத்துவிட்டு இந்திய ரூபாயையே தெரிவுசெய்யுங்கள். மறுத்தால் பணம் வராதோ என்று பயப்பட வேண்டாம். நீங்கள் மறுப்பது அந்த வீதத்தை மட்டும்தான், பணம் வரும். புடவைக் கடையிலும் இதே கேள்வி உண்டு, அங்கே பில் போடுபவரே உங்களைக் கேட்காமல் அழுத்திவிடலாம். இரகசிய எண்ணைப் போடுமுன் இயந்திரத்தில் எந்த நாணயம் தெரிகிறது என்று பாருங்கள்.

கைபேசியில் பணம் செலுத்தும் இந்திய முறையான யுபிஐ இலங்கைக்கும் வந்துவிட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். 2024 பெப்ரவரியில் வந்த அந்த வசதி இந்தியர்கள் இங்கே பணம் செலுத்துவதற்கானது. அதை நம்பாமல், இந்தியாவில் தேநீர்க் கடைக்கும் ஆட்டோவுக்கும் சில்லறை நோட்டுகளை வைத்திருங்கள்.

புறப்படுமுன் வங்கிக்குச் சொல்லி அட்டையில் வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவையுங்கள். ஓடிபி வரும் சிம்மில் ரோமிங் வேலை செய்கிறதா என்பதையும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் ஏறுமுன்னரே பார்த்துவிடுங்கள்.