முத்திரையா, கையா?

சிலப்பதிகாரத்தை ஆராய்ந்து உருவாக்கிய பரதநாட்டியம் என்று ஒரு நிகழ்ச்சிக்கு அழைத்திருந்தார்கள். ஆட்டம் நன்றாகவே இருந்தது. ஆனால் வாசலில் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையில், மாதவி 'முத்திரைகளை'க் கற்றுத் தேர்ந்தாள் என்று எழுதியிருந்தது. இந்தச் சொல்லை எத்தனையோ முறை பொறுத்துக்கொண்டு போயிருக்கிறேன். சிலம்பையே ஆடும்போதுமா?

முத்திரை வடமொழி முத்ரா. அச்சு, இலச்சினை என்று பொருள். தபால் முத்திரையும் முத்திரைத்தாளும் அந்தப் பொருளில் வந்தவைதான். ஆட்டத்தில் விரல்களை மடக்கியும் நீட்டியும் பிடிக்கும் கையை நாட்டிய நூல்கள் பெரும்பாலும் ஹஸ்தம் என்றே சொல்கின்றன. அபிநய தர்ப்பணம் என்ற வடமொழி நாட்டிய நூலின் 28 ஒற்றைக் கைகளும் அசம்யுத ஹஸ்தங்கள். 'கை போகுமிடம் கண் போகும்' என்று நாட்டிய வகுப்பில் எல்லாரும் ஒப்பிக்கும் சுலோகம்கூட 'யதோ ஹஸ்த' என்றுதான் தொடங்குகிறது. கதகளிக்காரர்கள் முத்ரா என்பார்கள். அது அவர்கள் வழக்கு, அதில் எனக்குச் சண்டையில்லை.

தமிழில்தான் சிக்கல். தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரை சரியான வழக்கு. கல்லில் உறைந்த கை அது, பொருளும் மாறாது. ஆடுபவரின் கை அப்படியா? பதாகக் கை ஒன்றே மேகம், காடு, இரவு, ஆறு, குதிரை எல்லாவற்றுக்கும் வரும். எது என்பதைப் பாட்டும் கண்ணும் சேர்ந்து சொல்ல வேண்டும். முத்திரை என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும், 'இந்த முத்திரைக்கு இதுதான் அர்த்தம்' என்று படம் போட்டு அட்டவணை விற்கிறார்கள். ஊமைப் பாஷை அகராதி மாதிரி! அப்புறம் இன்னொரு குழப்பமும் உண்டு. க்ஷேத்ரய்யா தெலுங்கில் இயற்றிய பதம் என்ற பாட்டுகளில் 'முவ்வகோபால' என்று வருவதும் முத்திரைதான், அதாவது பாடியவர் வைத்த அடையாளம். பதத்துக்கு ஆடும் மாணவியிடம் 'முத்திரையைக் கவனி' என்றால், அவள் கையைப் பார்ப்பாளா, சாகித்தியத்தைப் பார்ப்பாளா?

தனித்தமிழ் ஆர்வலர்கள் 'சைகை' என்கிறார்கள். போக்குவரத்துக் காவலர் செய்வது சைகை. மாதவி செய்ததை அதோடு சேர்க்க மனம் வரவில்லை. 'கைக்குறி' கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் வீட்டிலேயே பாத்திரம் இருக்கும்போது புதிதாக எதற்கு வாங்க வேண்டும்?

சிலம்பின் அரங்கேற்று காதையில், ஆடலாசானுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் வருகிறது: 'பிண்டியும் பிணையலும் எழிற்கையும் தொழிற்கையும் கொண்ட வகையறிந்து'. பிண்டி ஒற்றைக் கை. பிணையல் இரு கையும் பிணைவது. எழிற்கை அழகுக்கு, தொழிற்கை செயலைக் காட்ட. அடியார்க்கு நல்லார் உரையில் பொருட்கை என்று இன்னொன்றும் உண்டு, கவியின் பொருளைக் காட்டும் கை. 33 பிண்டி, 15 பிணையல் என்று அவர் கணக்கும் சொல்கிறார். இளம்பிறை, விற்பிடி, மான்றலை, வலம்புரி என்று பெயர்கள் வரும்போது ஒவ்வொரு கையும் கண்முன்னே நிற்கிறது. பதாகை, சுகதுண்டம் போன்ற வடமொழிப் பெயர்களும் அதே பட்டியலில் கலந்தே இருக்கின்றன. அவரே தள்ளிவைக்காததை நான் ஏன் தள்ள வேண்டும்? பெயர்கள் அப்படியே இருக்கட்டும். அவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் 'கை'. அவ்வளவு எளிதான சொல் என்பதாலேயே யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

இந்த உரையோடு சிலப்பதிகாரத்தை உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தது 1892இல். அகப்படாத நூல் என்று யாரும் சொல்ல முடியாது. நடப்பது என்னவென்றால், ஆராய்ச்சிக் குறிப்பு முதலில் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது தமிழுக்கு வருகிறது. மொழிபெயர்ப்பவர் மூலநூலைத் திறப்பதில்லை, கைக்கு வந்த சொல்லைப் போடுகிறார். இளங்கோவின் சொல் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பும்போது வேறு சொல்லாகிவிடுகிறது. அபிநயம் 'முகபாவனை' ஆனதும் இப்படித்தான். அங்கமும் வாக்கும் ஆடை அணியும் உள்ளத்து மெய்ப்பாடும் சேர்ந்த நால்வகை அபிநயத்தில் முகம் ஒரு பகுதிதான். சரி, அதைத் தனியாக எழுத வேண்டும்.

அந்தத் துண்டறிக்கையில் ஒரு வரியை மாற்றினால் போதும்: 'பிண்டியும் பிணையலும் கற்றாள்'. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஒற்றைக் கை, இரட்டைக் கை' என்று போட்டால் பாட்டிக்கும் புரியும், பேத்திக்கும் புரியும்.