ஓடும் உடலில் மிஞ்சுவது எவ்வளவு?

விடியற்காலையில் ஒரு பயிற்சி, பள்ளி முடிந்தபின் இணைப்பாட நடவடிக்கையில் இன்னொரு பயிற்சி என்று ஓடும் உயர்நிலைப்பள்ளி மாணவிக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லையென்றால், "ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவது எளிது. அந்த விளக்கம் தவறானது. அமெரிக்க ஆய்வாளர் ஆன் லவுக்ஸும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையாக உடற்பயிற்சி செய்த பெண்களிடம், மாதவிடாயை இயக்கும் ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரக்கும் துடிப்பைக் குலைத்தது பயிற்சியின் களைப்பன்று, அதற்கு ஈடாக உண்ணாமையே என்று தெரிந்தது.

உடலின் மற்ற வேலைகளுக்கு எவ்வளவு ஆற்றல் மிஞ்சுகிறது என்று அறிய, ஒரு நாளில் உண்ட கலோரிகளிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, மீதியைக் கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுக்க வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு மாணவிக்குக் கொழுப்பு நீங்கிய எடை 40 கிலோ என்று கொள்வோம். அவர் 1,900 கலோரி உண்டு, பயிற்சியில் 700 கலோரி செலவிட்டால், கிலோவுக்கு 30 கலோரிதான் மிஞ்சும். பெண்களுக்கு 45 கலோரி போதுமானது என்றும், 30க்குக் கீழே போனால் சில நாள்களிலேயே பாதிப்பு தொடங்கக்கூடும் என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனாலும் இந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும். மேற்சொன்ன மாணவி 45ஐ எட்ட 2,500 கலோரி உண்ண வேண்டும். காலையில் வெறும் கோப்பி ஓ குடித்துவிட்டுத் திடலுக்குப் போகும் பிள்ளைக்கு அது தானாக அமைந்துவிடாது.

மிச்சம் குறைந்ததை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி லெப்டின், இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் வழியாக அறிகிறது. உடனே அது பிட்யூட்டரி சுரப்பிக்கு விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞைகளைத் தளர்த்துகிறது. அதனால் சினைமுட்டை வெளிவருவது நின்று, ஈஸ்ட்ரோஜென் குறைந்து, மாதவிடாய் தவறுகிறது. இதயத்தையும் மூளையையும் காப்பதற்காக உடல் இனப்பெருக்கத்தைத் தள்ளிவைக்கிறது. தைராய்டு ஹார்மோனும் தணிந்து, ஓய்வில் எரியும் ஆற்றலே குறைந்துவிடுவதால், எடை மாறாமலும் இருக்கலாம். எடைக்கருவியை மட்டும் நம்பும் பயிற்றுநர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எனக்குப் பெரிய கவலை எலும்பைப் பற்றியது. எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜென். எலும்பைக் கட்டத் தூண்டும் ஹார்மோன்களும் பசியில் குறைகின்றன. வாழ்நாளுக்கான எலும்புச் செறிவின் பெரும்பகுதி சேரும் பதின்ம வயதில் இவ்விரண்டும் ஒருசேர நேர்ந்தால், கெண்டைக்கால் எலும்பிலும் பாதத்திலும் அழுத்த முறிவுகள் (திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் உண்டாகும் மெல்லிய விரிசல்கள்) வரக்கூடும். இழந்த செறிவு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். கருத்தடை மாத்திரையால் மாதந்தோறும் வரும் இரத்தப்போக்கு உண்மையான மாதவிடாய் அன்று. அது குறையை மறைத்துவிடும்.

அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014இல் இந்நிலைக்கு 'விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டி, ஆண்களையும் அதில் சேர்த்தது.

உணவு போதுமானதானால் மாதவிடாய் பெரும்பாலும் திரும்பும். ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழமோ காயா ரொட்டியோ, முடிந்ததும் தாமதிக்காமல் சோறும் முட்டையும் எனத் தொடங்கலாம். அதற்கிடையே பலதுறை மருந்தகத்துக்குச் செல்வது அவசியம். கருத்தரிப்பு, தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டிகள் ஆகியவை காரணமில்லை என்று மருத்துவர் முதலில் உறுதிசெய்ய வேண்டும். மாதவிடாய்த் தேதிகளுடன் ஒரு வாரம் உண்டதையும் ஓடியதையும் எழுதிக்கொண்டு போனால், மிச்சம் எவ்வளவு என்பதை அவரால் அங்கேயே மதிப்பிட முடியும்.