ஓடு ஒழுகினால் யாரிடம் சொல்வது? பள்ளி மேலாண்மைக் குழு, ஒரு விளக்கம்

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற கையோடு நம் குமரி மாவட்டத்தில் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடும். வகுப்பில் ஓடு ஒழுகுகிறது என்று ஹெச்.எம்.மிடம் சொன்னால், "மேலே எழுதியிருக்கோம்" என்பார். கவுன்சிலரிடம் போனால், "அது கல்வித் துறை பார்க்க வேண்டியது" என்பார். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கியது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு, படிக்கிற பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். மீதி இடங்கள் ஆசிரியர்களுக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும். தமிழ்நாட்டில் 2022இல் 20 பேர் கொண்டதாக இருந்த குழு, 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக மாற்றி அமைக்கப்பட்டது. தலைவர் ஒரு மாணவரின் தாய், ஹெச்.எம். கூட்டத்தைக் கூட்டுகிறவர், அவ்வளவுதான். ஹெச்.எம்.தான் தலைவர் என்று நினைத்துக்கொண்டு வாசல் ஓரத்தில் நிற்கிற தலைவியை நானே பார்த்திருக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. கழகம் பெற்றோரிடம் சந்தா வாங்குவது; இந்தக் குழுவில் சந்தா, கட்டணம் எதுவும் கிடையாது.

குழுவுக்குச் சட்டம் கொடுத்த முக்கிய வேலை மூன்று: பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது, வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது. மூன்றாவதைத்தான் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். அரசுப் பள்ளிகளுக்குச் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி எனப்படும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு மானியம் உண்டு. விதிப்படி 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000, 1000 பேர் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். ஆக, நூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் தூய்மைக்கென்று 2,500 ரூபாய் இருந்ததா, என்ன ஆயிற்று என்று கூட்டத்தில் கேட்கலாம். கேட்பது சண்டை இல்லை.

எல்லாம் தீர்மானப் பதிவேட்டில்தான் இருக்கிறது. கூட்டத்தில் டீ குடித்துக்கொண்டே சொன்ன குறை, டீயோடு போய்விடும். நான் உறுப்பினராக இருந்தபோது முதல் வருடம் "கழிப்பறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும்" என்று எழுதினோம். யாருக்கும் எதுவும் புரியவில்லை, எதுவும் நடக்கவும் இல்லை. அடுத்த முறை ஓர் அக்கா, அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை முடிந்து நேராகக் கூட்டத்துக்கு வந்தவர், பேனாவை வாங்கி எழுதினார்: "பெண் பிள்ளைகள் கழிப்பறையில் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. குழாயில் தண்ணீர் வருவதில்லை. பள்ளி மானியத்திலிருந்து இந்த மாதமே சரிசெய்யத் தீர்மானிக்கப்பட்டது." கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். தாழ்ப்பாள் பத்து நாளில் வந்தது. குழாய்க்கு இன்னும் இரண்டு கூட்டம் ஆயிற்று.

மானியத்தில் அடங்காத பெரிய வேலைக்கு, சுற்றுச்சுவர், புது வகுப்பறை போன்றவற்றுக்கு, தீர்மானத்தை வெளியே கொண்டுபோக வேண்டும். கிராம ஊராட்சியில் பள்ளி இருந்தால் கிராம சபையில் வையுங்கள். நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்றும் கிராம சபை உண்டு. 1956இல் குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே என்பதால் இங்கே உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். கடலுக்கோ வேலைக்கோ போகாதவர்கள் வரலாம். ஆனால் நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள்தான் அடுத்தடுத்து இருக்கின்றன, அங்கே கிராம சபை கிடையாது. அப்படியானால் தீர்மான நகலை இணைத்துப் பேரூராட்சி அலுவலகத்திலும் கவுன்சிலரிடமும் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒரு நகல்.

ஊர்க்காரர்களின் உதவிக்கும் வழி இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டம் மூலம் வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கூட தன் பள்ளிக்குப் பணம் அனுப்பலாம். குமரியில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு எது! பள்ளியில் அரசின் காலை உணவைச் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அது எப்படி இருக்கிறது என்று பார்க்கக் குழு உறுப்பினர் ஒருவர் ஒரு நாள் காலை போய் வந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இங்கே அரசு உதவி பெறும் பள்ளிகள் ஏராளம், அதிலும் பல கிறிஸ்தவ நிர்வாகங்களுடையவை. சிறுபான்மைப் பள்ளிகளில் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டமே அப்பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அங்கே முடிவெடுப்பவர் தாளாளர். பெற்றோர் அவரைத்தான் பார்க்க வேண்டும்.

கூட்ட நேரமும் பேச வேண்டிய விஷயம். ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன் போகிறவர்களுக்கு மாலை சரி. சின்னத்துறை, குளச்சல் பக்கம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு அது சரிவராது. நேரத்தை மாற்றுங்கள் என்பதையும் தீர்மானமாக எழுதலாம். எத்தனை எழுதியும் அசையவில்லை என்றால், சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அவர்கள் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் போவதானால் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். மனுவோடு ஒரு பிரதி எடுத்து வைக்க, கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை இருக்கும்.