சொல் விளக்கம்: மோர்ஃப் – வேற்றுரு

பாம்பு வளர்ப்போர் பேச்சில் 'மோர்ஃப்' ஓயாமல் அடிபடும் சொல். ஓர் இனத்துக்குள், தலைமுறை வழியே கடத்தப்படும் நிறத்தாலோ கோலத்தாலோ வேறுபட்டு நிற்கும் வடிவம் என்பது அதன் பொருள். ஆனால் எங்கள் ஊரில் அதைக் கேட்டவுடன் 'மோர்ஃபிங்' செய்த படந்தான் நினைவுக்கு வருகிறது. பாம்புக்கு ஏதோ செய்து நிறத்தை மாற்றிவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இரண்டுக்கும் வேர் ஒன்று, கிளை வேறு. 'மோர்ஃபே' என்ற கிரேக்கச் சொல்லுக்கு உருவம், வடிவம் என்று பொருள். அழகிய தோற்றம் என்ற சாயலும் அதற்கு உண்டு. 'வடிவான பிள்ளை' என்று சொல்லும் யாழ்ப்பாணத்தாருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. படத்தை மாற்றும் மோர்ஃபிங், உருமாற்றத்தைக் குறிக்கும் 'மெட்டமோர்ஃபோசிஸ்' என்ற நீண்ட சொல்லிலிருந்து வெட்டியெடுத்தது. பாம்புக்காரர் சொல்வதில் மாற்றம் என்ற கருத்தே இல்லை. முட்டையிலிருந்து வரும்போதே அது அப்படித்தான் வருகிறது.

பால் பாம்பை வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். அமெரிக்கக் கண்டங்களுக்குரிய, நஞ்சற்ற பாம்பு இது. ஒன்ராறியோவின் தெற்கிலும் இயல்பாக வாழ்கிறது. மாட்டுக் கொட்டிலில் எலி தேடி வந்ததைக் கண்டு, பால் குடிக்க வந்தது என்று அங்கத்தைய கமக்காரர் நம்பியதால் வந்த பெயர். சாரையைப் பற்றி எங்களவர் சொல்வதும் இதே கதைதான்.

மத்திய அமெரிக்காவின் ஹொண்டுரான் பால் பாம்பில் சிவப்பு, கறுப்பு, வெளிர் பட்டைகள் மாறி மாறி வரும். கறுப்பு நிறமி உருவாகாத குட்டியை 'அல்பினோ' என்பார்கள். அது வெள்ளையாக இராது. சிவப்பு நிறமி அப்படியே இருப்பதால் செம்மஞ்சளாகத் தெரியும், கண் சிவந்திருக்கும். சிவப்பு நிறமி இல்லாதது 'அனெரி'. இரண்டும் இல்லாதது 'ஸ்னோ'. வெண்மைக்கு நெருங்குவது அதுதான்.

இக்குறைகள் பின்னிடைவானவை, தாய், தந்தை இருபக்கத்திலிருந்தும் அந்த எதிருரு, அதாவது மரபணுவின் அந்த மாற்று வடிவம், வந்தால்தான் வெளியே தெரியும். புதியவர் பிழைவிடுவது இங்கேதான். அல்பினோவையும் அனெரியையும் இணைத்துவிட்டு ஸ்னோவை எதிர்பார்ப்பார்கள். முதல் தலைமுறை முழுவதும் சாதாரண நிறமாகவே பிறக்கும். அந்தக் குட்டிகளை வளர்த்துத் தமக்குள் இணைத்தால்தான் 16இல் 1 என்ற வாய்ப்பு வரும். 8 முட்டை கிடைத்தாலும், ஒரு ஸ்னோகூட வராமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம். விற்பனைச் சீட்டில் '66% ஹெட்' என்று எழுதியிருப்பது, பின்னிடைவான எதிருருவை மறைவாகச் சுமப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு என்று சொல்வதற்கே. அந்தப் பாம்பில் மூன்றில் இரண்டு பங்கு அல்பினோ இருக்கிறது என்று பொருள் கொள்வது தவறு.

அளவு வேறு சங்கதி. ஸ்கார்லெட் என்ற வகை பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள் நின்றுவிடும், பியூப்லன் மூன்றடி, ஹொண்டுரான் நான்கடி, சிலவேளை அதற்கும் மேல், அண்டீஸ் மலைப் பால் பாம்பு ஆறடி வரை போகும். இவை துணையின வேறுபாடுகள். 2014இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று பால் பாம்பை ஏழு இனங்களாகவே பிரித்துவிட்டது. ஒரே துணையினத்தில் ஒரு பாம்பு சிறுத்திருந்தால் முதலில் பார்க்கவேண்டியது தீனியும் கூட்டின் வெப்பமும். குளிர்ந்த கூட்டில் விழுங்கியது செரிக்காது, வளர்ச்சி நிற்கும். சிறுத்துப்போனதை 'குட்டை மோர்ஃப்' என்று விற்பது தவறு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'திரிபு' என்று எழுதுகிறார்கள். தோன்றல், திரிதல், கெடுதல் என்ற புணர்ச்சி விகாரங்களில் திரிதல் ஒன்று மற்றொன்றாவது. கொஸ்தாரிக்கா, பனாமா மலைகளின் கறுப்புப் பால் பாம்புக்கு அது பொருந்தும்: மூவண்ணத்தோடு பிறந்து, வளர வளர முழுக்கக் கறுத்துவிடும். ஆனால் அந்தத் துணையினத்தில் எல்லாமே அப்படித்தான். அது மோர்ஃப் ஆகாது. அல்பினோவில் நடந்ததோ கெடுதல், ஒரு நிறமி விடுபட்டது. வெறும் 'உரு' என்றால், உருவேறுதலும் உருப்போடுதலும் குறுக்கே வரும். 'வேற்றுரு' என்பதே எங்கள் தெரிவு. எதிருருவுக்கு உறவாகவும் நிற்கிறது. நிறத்தை மட்டும் குறிக்க 'நிற வேற்றுரு' என்றும் நீட்டலாம். அல்பினோவைக் கருமையிழந்த வேற்றுரு என்றும், அனெரியைச் செம்மையிழந்த வேற்றுரு என்றும் எழுதலாம். ஹொண்டுரானையும் பியூப்லனையும் இணைத்துப் பெற்றது கலப்பு. அதற்கு இந்தச் சொல்லைக் கொடுக்கக்கூடாது.

சீட்டில் துணையினம், வேற்றுரு, பால், நீளம் நான்கையும் தனித்தனியே எழுதவேண்டும்: 'ஹொண்டுரான் பால் பாம்பு, கருமையிழந்த வேற்றுரு, பெண், மூன்றே முக்கால் அடி.'